முதல் மாணவிக்கு ஆறு மதிப்பெண்

கேள்வி: மேடம், நான் ஒரு பார்மசி கல்லூரியில் பார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. நான்காம் ஆண்டு மாணவர்கள் 32 பேருக்கும் இந்த முறை, நோயாளியாக நடிப்பவரை வைத்து முதன்முதலாக ஒரு தேர்வு நடத்தினோம். ஒரே ஒரு கேஸ். 54 வயது அம்மா, எட்டு வருடமாகச் சுகர். கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். "தலை சுத்துது" என்று வருகிறார். வெள்ளிக்கிழமை விரதம் இருந்துகொண்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிறார் என்பதுதான் மாணவர் கண்டுபிடிக்க வேண்டியது. காலையில் 16 பேருக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நடித்தார். மதியம் அவருக்கு முடியவில்லை. எங்கள் நூலக உதவியாளர் அம்மாவை உட்கார வைத்தோம். அவருக்கும் சுகர் உண்டு என்பதால் நன்றாகச் செய்வார் என்று நினைத்தோம். காலையில் போன எங்கள் வகுப்பின் முதல் மாணவி 20-க்கு 6 வாங்கினாள். எழுத்துத் தேர்வில் சுமாராக இருக்கும் ஒரு பையன் மதியம் போய் 16 வாங்கினான். "என்கிட்ட அந்த அம்மா சொல்லவே இல்லை, மதியம் போனவங்க கிட்ட தானாவே சொல்லியிருக்காங்க" என்று அந்தப் பெண் அழுகிறாள். அடுத்த முறை வார்டிலிருந்து உண்மையான நோயாளிகளையே அழைத்து வந்துவிடலாம் என்கிறார் துறைத் தலைவர். இந்த மதிப்பெண்ணை இன்டர்னலில் சேர்க்கலாமா? அவளுக்கு மட்டும் மறுதேர்வு வைக்கலாமா? நோயாளியாக நடித்தவரும் மதிப்பெண் போடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்யுங்கள். காலையில் போன 16 பேர், மதியம் போன 16 பேர் என்று நடுவில் ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சராசரி பாருங்கள். வெள்ளிக்கிழமை விரதத்தை எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள் என்றும் இரண்டு பக்கமும் எண்ணுங்கள். வருகைப் பதிவேட்டு வரிசையில்தான் அனுப்பியிருப்பீர்கள். பெயரின் முதல் எழுத்தை வைத்துத் திறமை மாறாது. ஆகவே மதியப் பக்கம் நன்றாக மேலே இருந்தால், அந்தப் பெண் சொல்வது உண்மை. 32 பேரும் ஒரே தேர்வை எழுதவில்லை என்று பொருள்.

எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நூலக அம்மாவுக்கு உண்மையிலேயே சுகர் உண்டு என்பதை நீங்கள் ஒரு வசதியாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். தனக்கு இருக்கும் நோயையே நடிப்பவர் எழுதிக் கொடுத்ததைப் பேசமாட்டார், தன் கதையைப் பேசுவார். எந்த டாக்டர், எந்த மாத்திரை, எந்த நாளில் மயக்கம் வந்தது என்று எல்லாமே அவருக்குச் சொந்தமாக இருக்கிறது. "சாப்பிட்டீங்களாம்மா" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், முழுக்கதையும் வந்துவிடும். அவர் மேல் தப்பே இல்லை. ஒத்திகை பார்க்காமல் அவரை உட்கார வைத்தது நாம்தான்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் முதல்முறை இப்படித் தேர்வு வைத்தபோது இதைவிட மோசமாக நடந்தது. இரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடும் ஒரு பாட்டி, தினமும் முருங்கைக்கீரை சாப்பிட ஆரம்பித்திருக்கிறார், அதனால் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கிவிட்டது என்பது கேஸ். பாட்டியாக நடித்தவர் முதல் எட்டுப் பேரிடம் வாயே திறக்கவில்லை. ஒன்பதாவதாக வந்த பெண் கண் கலங்கி நின்றதும் இவருக்கு மனசு தாங்கவில்லை. "கீரை கீரையா சாப்பிடறேன்டி கண்ணு" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் கீரை தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவரிடம் பேசியபோது, "பிள்ளைங்க பாவமா இருந்துச்சு" என்றார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, கூடாதது ஏன் கூடாது என்று அவருக்கு நான் விளக்கவே இல்லை. முதல் எட்டுப் பேரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இந்த மதிப்பெண்ணை இன்டர்னலில் சேர்க்காதீர்கள், ஒருவருக்கும் சேர்க்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் மறுதேர்வு வைத்தால் காலையில் போன மற்ற 15 பேருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? இதைப் பயிற்சித் தேர்வு என்று அறிவித்துவிடுங்கள். கோடு போட்டுப் பார்த்த கணக்கை வகுப்பில் வெளிப்படையாகவே காட்டுங்கள். ஆசிரியர் தன் தேர்வைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறார் என்பது மாணவர்களுக்கு நம்பிக்கையைத்தான் கொடுக்கும்.

காலை, மதியம் சமமாக வந்தால்கூட ஒரே கேஸை வைத்து ஒருவரைத் தேறியவர், தேறாதவர் என்று சொல்ல முடியாது. சுகர் கேஸில் பிரமாதமாகப் பேசுகிற பையன் ஆஸ்துமா கேஸில் தடுமாறுவான். ஒரு கேஸில் செய்ததை வைத்து அடுத்ததில் எப்படிச் செய்வான் என்று கணிப்பது கடினம் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். அதனால்தான் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975-இல் ஆஸ்கி (OSCE) என்று இன்று நாம் சொல்லும் செய்முறைத் தேர்வு முறையைக் கொண்டுவந்தபோது, மாணவர் மணி அடிக்க அடிக்க ஒரு ஸ்டேஷனிலிருந்து, அதாவது ஒரு சோதனை வைத்திருக்கும் மேசையிலிருந்து, அடுத்ததற்குப் போகும்படி வைத்தார்கள். ஒரே ஸ்டேஷனில் இரண்டு தேர்வாளர்களை உட்கார வைப்பதைவிட, இன்னொரு ஸ்டேஷனைக் கூட்டுவதில்தான் பலன் அதிகம்.

இப்போது துறைத் தலைவர் சொன்னதற்கு வருகிறேன். நோயாளியாக நடிக்க ஒருவரைப் பழக்கும் யோசனையே உண்மையான நோயாளிகளால் வந்த தொல்லையிலிருந்து பிறந்ததுதான். இதைத் தொடங்கிய ஹோவர்டு பாரோஸ் ஒரு நரம்பியல் மருத்துவர். 1963-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, நரம்புக் கோளாறு உள்ள நோயாளியாக நடிக்க வைத்தார். அதற்கு முன்பு நியூயார்க்கில் பயிற்சியில் இருந்தபோது நடந்த ஒரு சம்பவத்தைப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். தேர்வுக்காக அழைத்து வந்திருந்த ஒரு நோயாளியிடம் ஒரு டாக்டர் முரட்டுத்தனமாக நடந்துகொண்டாராம். அந்த நோயாளி வேண்டுமென்றே தன் அறிகுறிகளை மாற்றிக் காட்டிவிட்டாராம். நோயாளிக்கு மனசு கோணினால் தேர்வே மாறிவிடும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நம் ஊர் வார்டில் இன்னும் இரண்டு கஷ்டங்கள் உண்டு. காலையிலிருந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும் அம்மாவிடம் 32 பேர் ஒரே கேள்வியைக் கேட்பது நியாயமில்லை. அடுத்தது, தேர்வுப் பதற்றத்தில் ஒரு மாணவன் "விரதத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை, விடாமப் போடுங்க" என்று சொல்லிவிட்டால், அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். நடிப்பவரிடம் தப்பாகச் சொன்னால் மதிப்பெண் போகும், அதோடு சரி. உண்மையான நோயாளிகளிடம் ஐந்தாம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியான கிளர்க்‌ஷிப்பில் மேற்பார்வையோடு பழகட்டும். தேர்வுக்கு நடிப்பவர்தான் வேண்டும் என்று தலைவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

சரி, நடிப்பவரை எப்படித் தயார் செய்வது? உங்கள் கேஸ் உண்மையில் அருமையான கேஸ். நம் ஊரில் வெள்ளியும் சஷ்டியும் புரட்டாசிச் சனியும் பட்டினி கிடந்து சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிற அம்மாக்கள் எத்தனையோ பேர். மெட்ஃபார்மினை மட்டும் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிளிமிபிரைடு அப்படி இல்லை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். பத்து பதினோரு மணிக்குச் சுகர் 70-க்குக் கீழே இறங்கும், வேர்க்கும், கை நடுங்கும். இவ்வளவு நல்ல கேஸுக்கு "விரதம் இருக்கிறார், கேட்டால் சொல்லவும்" என்று ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் அது போதாது. நான் அட்டை எழுதினால் இப்படி எழுதுவேன்.

மாணவர் வணக்கம் சொன்னதும் தானாகச் சொல்ல வேண்டியது இதுதான்: "பாப்பா, கொஞ்ச நாளா தலை சுத்துது. இந்தா, இதுதான் என் மாத்திரை." மாத்திரை அட்டையை நீட்ட வேண்டும். இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

"இன்னும் கொஞ்சம் விவரமா சொல்லுங்கம்மா" என்பது போல் விரிவாகக் கேட்டால்: "காலைல பத்து பதினோரு மணிக்குப் படபடன்னு வரும். வேர்த்துக் கொட்டும். கண்ணை இருட்டிக்கிட்டு வரும். தினமும் இல்ல, எப்பவாவதுதான்."

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டால்: "ஒரு நாள்கூட விட்டதில்ல."

"சாப்பிட்டுட்டுதான் போடறீங்களா?" என்று கேட்டால்: "சாப்பிடற நாள்ல சாப்பிட்டுட்டுதான்."

அந்தக் கடைசி வரியில்தான் என் கேஸ் நிற்கும். காது கொடுத்துக் கேட்கிற மாணவர் "சாப்பிடற நாள்லன்னா? சாப்பிடாத நாளும் உண்டாம்மா?" என்று பிடித்துக்கொள்வார். அப்படிக் கேட்டாலோ, எந்தக் கிழமையில் மயக்கம் வருகிறது என்று கேட்டாலோ, அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாலோ மட்டும்: "வெள்ளிக்கிழமை விரதம்மா. சாயங்காலம் விளக்கேத்துற வரைக்கும் பச்சத்தண்ணிதான். மாத்திரையை மட்டும் விடமாட்டேன், டாக்டர் விடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

எந்தக் கேள்விக்கு எந்த வரி என்பதை நடிப்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அட்டையில் இல்லாததைக் கேட்டால் "தெரியலம்மா" என்று சொல்லப் பழக்குங்கள். இரண்டு பேர் நடிப்பதாக இருந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒருவர் நடிக்கும்போது இன்னொருவர் பார்க்கட்டும், அப்புறம் இடம் மாறட்டும். உங்கள் சக ஆசிரியர்களில் ஒருவர் எல்லாம் கேட்கிற மாணவராகவும், இன்னொருவர் ஒன்றுமே கேட்காத மாணவராகவும், மூன்றாவது ஆள் அழுகிற மாணவராகவும் வரட்டும். அந்த மூன்றாவது ஒத்திகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எட்டுப் பேருக்கு ஒரு முறை இருபது நிமிடம் ஓய்வும் ஒரு டீயும் கொடுங்கள். உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு மதியம் முடியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை. 16 முறை தொடர்ந்து மயக்கம் வருவதாக நடித்தால் யாருக்கும் உடம்பு தளர்ந்துவிடும்.

நடிக்க ஆட்களுக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், உள்ளூர் நாடகக் குழுவினர், மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் எல்லோருமே நன்றாகச் செய்வார்கள். போக்குவரத்துச் செலவு, சாப்பாடு, ஒரு நாள் சம்பளம் மூன்றையும் கல்லூரி தர வேண்டும். சும்மா வந்து உதவட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடன் படிக்கும் மாணவர்களை நடிக்க வைப்பது பயிற்சிக்கு மட்டும் சரி.

அடுத்து அந்த 16 மதிப்பெண். உங்கள் மதிப்பெண் தாள் எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. வணக்கம் சொன்னாரா ஒன்று, பெயர் சொன்னாரா ஒன்று, வயது கேட்டாரா ஒன்று, அலர்ஜி கேட்டாரா ஒன்று என்று 20 வரி இருக்கும். மூச்சு விடாமல் 20 கேள்வியையும் ஒப்பித்துவிட்டு எந்தப் பதிலையும் காதில் வாங்காமல் போகிறவருக்கு இந்தத் தாளில் 16 வரும். நேராக விஷயத்துக்கு வந்து, வெள்ளிக்கிழமையைப் பிடித்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற தேர்ந்த பார்மசிஸ்டுக்கு 11 வரும். அந்தப் பையன் ஒப்பித்தான் என்று நான் சொல்லவில்லை, அவன் தாளை நான் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் தாள் இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டுமா என்று நீங்கள் பார்த்தாக வேண்டும்.

நான் வணக்கம், பெயர், வயது எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 மதிப்பெண்ணோடு நிறுத்திவிடுவேன். மயக்கம் எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதை வெளியே கொண்டுவந்ததற்கு 4. விரதத்தையும் மாத்திரையையும் இணைத்ததற்கு 5. மீதி 9-ஐயும் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதற்கு வைப்பேன். மயக்கம் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்துச் சுகர் பார்க்க வேண்டும், சரியாகவில்லை என்றால் திரும்பக் குடிக்க வேண்டும், விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டாக வேண்டும், இந்த மயக்கத்தைப் பற்றி டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். டோஸை மாணவரே குறைத்துச் சொன்னால் அங்கே மதிப்பெண் கிடையாது. "விரதமெல்லாம் விட்டுடுங்க" என்று அதட்டினாலும் கிடையாது. அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வெள்ளியும் விரதம் இருப்பார், ஆனால் யாரிடமும் சொல்லமாட்டார்.

சொல்லும் மொழியையும் கவனியுங்கள். "உங்களுக்கு ஹைப்போகிளைசீமியா எபிசோட் வருதும்மா" என்று சொல்லும் மாணவரை நான் ஒவ்வொரு தேர்விலும் பார்க்கிறேன். "சுகர் ரொம்ப இறங்கிடுதும்மா" என்றால் யாருக்கும் புரியும். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால் இந்தத் தமிழைத் தனியாகப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

தேர்ச்சி மதிப்பெண் 50 சதவீதம் என்று முன்கூட்டியே வைக்காதீர்கள். தேர்வாளர் தாளை நிரப்பிய பிறகு, அதைக் கூட்டிப் பார்க்காமல், "இவரை என் மருந்துக்கடையில் தனியாக விடுவேனா" என்று யோசித்து, தேறியவர், எல்லைக்கோட்டில் நிற்பவர், தேறாதவர் என்று ஒரு முடிவு எழுதட்டும். எல்லைக்கோட்டில் நிற்பதாக எழுதப்பட்டவர்கள் அந்த ஸ்டேஷனில் வாங்கிய மதிப்பெண்ணின் சராசரியைத் தேர்ச்சி மதிப்பெண்ணாக வைக்கலாம். கேஸ் கடினமாக இருந்தால் கோடு தானாக இறங்கும். 32 பேர் என்பதால் எல்லைக்கோட்டில் இரண்டு மூன்று பேர்தான் வரலாம். அப்போது எல்லோருடைய மதிப்பெண்ணையும் தேர்வாளரின் முடிவோடு வைத்து வரைபடம் போட்டுக் கோட்டைக் கண்டுபிடிக்கும் முறை இருக்கிறது. எக்செல் தெரிந்த யாரும் அரைமணி நேரத்தில் செய்துவிடுவார்கள்.

நடித்தவர் மதிப்பெண் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மருந்து விஷயத்துக்குப் போடக்கூடாது, அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கனடாவில் பார்மசிஸ்ட் உரிமத்துக்கான தேசியத் தேர்வின் இரண்டாம் பகுதி ஆஸ்கிதான். அங்கே நடிப்பவர் ஒருவர், மதிப்பிடும் பார்மசிஸ்ட் இன்னொருவர். ஆனால் "இந்தப் பெண் சொன்னது எனக்குப் புரிந்தது", "இவரிடம் திரும்ப வந்து சந்தேகம் கேட்பேன்" என்ற இரண்டு வரிகளை நிரப்ப நடித்தவரைவிடத் தகுதியானவர் அந்த அறையில் கிடையாது. அதற்குத் தனியாக 2 மதிப்பெண் ஒதுக்குங்கள். மாணவரைப் பார்த்து அவர் நேரில் சொல்லும் இரண்டு வாக்கியத்துக்கு அந்த 2 மதிப்பெண்ணைவிடப் பலன் அதிகம்.

அடுத்த முறைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். எட்டு ஸ்டேஷன், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம், நகர 2 நிமிடம். ஒரு சுற்று 80 நிமிடத்தில் எட்டுப் பேருக்கு முடியும். நான்கு சுற்றில் 32 பேரும் முடிந்துவிடுவார்கள், இடைவேளையோடு ஒரு முழு நாள். எட்டு ஸ்டேஷனிலும் ஆள் தேவையில்லை. மூன்றில் மட்டும் நடிப்பவர் இருந்தால் போதும். மற்றவற்றில் மருந்துச்சீட்டில் தப்பு கண்டுபிடிப்பது, குழந்தைக்கு எடை பார்த்து டோஸ் கணக்கிடுவது, இரண்டு மருந்து ஒன்றோடொன்று மோதுகிறதா என்று தேடிச் சொல்வது, கேப்ஸ்யூலில் உள்ள மருந்துப் பொடியை மூச்சில் இழுக்க உதவும் ரோட்டாஹேலரைச் செய்து காட்டுவது என்று வையுங்கள். ரோட்டாஹேலரை விட்டுவிடாதீர்கள். அதில் போட வேண்டிய கேப்ஸ்யூலை வாயில் போட்டு விழுங்கிவிட்டு வந்த ஒரு தாத்தாவை நான் மறக்கவில்லை. மூன்று மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்தவர் யாரும் செய்து காட்டவில்லை. காலையில் தேர்வு முடித்தவர்கள் மதியம் போகிறவர்களைச் சந்திக்காதபடி சாப்பாட்டுக்குத் தனித்தனி இடம் வையுங்கள், போன்களை வாங்கி வைத்துவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். பார்ம்.டி. நம் நாட்டில் 2008-இல் வந்தது. 2015-இல் வந்த பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதைப் பார்மசிஸ்டின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன. அந்தக் கடமையைச் செய்யத் தெரியுமா என்று எழுத்துத் தேர்வில் கண்டுபிடிக்க வழியில்லை.

கடைசியாக அந்தப் பெண். தேர்வு சரியாக நடக்கவில்லை என்பதால் அவள் சரியாகச் செய்தாள் என்று ஆகிவிடாது. காலையில் போனவர்களில் யாராவது ஒருவர் விரதத்தைக் கண்டுபிடித்திருந்தால், அந்த ஆசிரியை கேட்டால் சொல்லத்தான் செய்தார் என்று பொருள். அவளுடைய தாளை எடுத்து அவள் என்னென்ன கேட்டாள் என்று பாருங்கள். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா" என்று கேட்டு, "ஒரு நாள்கூட விட்டதில்ல" என்ற பதிலை வாங்கி, அதோடு மாத்திரைப் பக்கத்தை மூடிவிட்டு பி.பி.க்குப் போயிருப்பாள் என்பது என் ஊகம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இப்படிச் செய்வதை அடிக்கடி பார்க்கிறேன். பதில் மனசுக்குள் முதலிலேயே தயாராகிவிடுவதால், ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்விகளாகக் கேட்பார்கள். எதிரில் இருப்பவர் ஒரு நிமிடம் பேசட்டும் என்று விடமாட்டார்கள். இது ஒரு வாரப் பயிற்சியில் சரியாகிற பழக்கம்தான்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, 6 எந்தக் கணக்கிலும் சேராது என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியையை ஒரு நாள் கல்லூரிக்கு வரச் சொல்லுங்கள். இரண்டு பேரும் அதே மேசையில், அதே மாத்திரை அட்டையோடு திரும்ப உட்காரட்டும். இந்த முறை அவள் முதல் ஒரு நிமிடம் "அப்புறம்மா?" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. தேர்வாளரும் மதிப்பெண் தாளும் வேண்டாம், நீங்களும் வெளியே இருங்கள். முடிந்ததும் அந்த ஆசிரியையே அவளிடம் பேசட்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பழகியவர், அவருக்குத் தெரியும்.

அடுத்த தேர்வுக்கு நடிப்பவர்களின் அட்டையை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். ஒத்திகைக்கு முன் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.